ஃப்ளெக்ஸில் ஒரு முகம் குறைந்தபோது

அந்த ஃப்ளெக்ஸ் பத்தடிக்கு எட்டடி. மேலே இரண்டு பக்கமும் கோப்பை, நடுவில் மேற்கு மலையும் நெல் வயலும், கீழே வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள். எங்கள் கம்பம் ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே சவுக்குக் கம்பு ஊன்றி அதைக் கட்டினோம். பதினொரு முகங்களுக்கு என்னிடம் நல்ல படம் இருந்தது. பன்னிரண்டாவது முகத்தை ஒரு வீடியோவிலிருந்து வெட்டி எடுத்து, பின்னால் நின்ற கூட்டத்தை அழித்து, கன்னத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, நானே வைத்தேன். அரை மணி நேர வேலை. வெட்டிய இடம் தெரியவே தெரியாது. ஒட்டு வேலை என்று யாரும் சொல்ல முடியாதபடி அமைந்துவிட்டதில் எனக்கு அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான் கம்பத்தில் ஜெராக்ஸ் கடையும் ஃப்ளெக்ஸ் டிசைன் வேலையும் வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பள்ளத்தாக்கில் மனிதன் பிறந்து போகும் வரைக்கும் உள்ள எல்லாமே என் கம்ப்யூட்டர் வழியாகப் போகும். எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸுக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முகம் வேண்டும், பெயர் வேண்டும், ஊர் வேண்டும். கூட்டத்தில் ஒருவர் முகம் விட்டுப்போனால் மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அவர் வீட்டார் வாசலில் நிற்பார்கள். மாமன் முகத்தைவிடச் சித்தப்பன் முகம் சின்னதாகப் போய்விட்டது என்பதற்காக ஒரு காதுகுத்தே நிற்கப் பார்த்தது எனக்குத் தெரியும். அதனால் யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா ஃப்ளெக்ஸிலும் வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் என் கடைப் பெயரும் செல் நம்பரும் இருக்கும். அது எங்கள் தொழில் வழக்கம்.

பெண் பிள்ளைகள் கபடிக் குழு ஒன்று ஊரில் தொடங்கியபோது என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். எனக்குக் கபடி தெரியும் என்பதற்காக இல்லை, என்னிடம் பிரிண்டர் இருந்தது என்பதற்காகத்தான். பயிற்சி கொடுத்தது ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. ஊருக்கே அவர் டீச்சர்தான். எங்கேயோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த டீச்சர், இனிமேல் பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கு முன்னால் பெற்றவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. படம் எடுக்கவில்லை என்று சண்டைக்கு வருகிற ஊரில் எடுக்கலாமா என்று கேட்டு ஒரு படிவமா? சொன்னதற்காக அடித்துக் கொடுத்தேன். கீழே இரண்டு கட்டம். "படமும் வீடியோவும் எடுக்கச் சம்மதம்", "சம்மதம் இல்லை." இரண்டாவது கட்டம் எதற்கு, தாள்தானே வீண் என்றேன். "அந்தக் கட்டம் இல்லைனா அது ஃபாரமே இல்லை சார், போடுங்க" என்றார் டீச்சர். போட்டேன். போட்டவன் அதன் அர்த்தத்தை யோசிக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் அம்மாவை நான் முதலில் பார்த்தது அந்தப் படிவத்தோடுதான். அவர்கள் கம்பத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சுருளிப்பட்டி போகிற வழியில் ஒரு வரிசை வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும் குடியிருந்தார்கள். அவர் விடிந்ததும் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய் சாயங்காலம் இறங்குவார். அன்றைக்கும் ஜீப்பிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்திருந்தார். சேலைக்கு மேலே முழுக்கை ஆம்பிளைச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, அவர் நின்ற இடம் முழுக்க ஏலக்காய் வாசம். படிவத்தை என் முன்னால் வைத்தார். இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டிருந்தது. பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது. ஐம்பது படிவத்தில் அது ஒன்றுதான் அப்படி.

"கட்டம் மாறிப் போச்சா தாயி?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. பாப்பாவ ஆட விடுங்க. படம் மட்டும் வேணாம்."

"ஏன், எல்லாப் பிள்ளைகளையும் எடுக்குறோம்ல?"

"அது வந்துண்ணே..." என்று இழுத்தார். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, அடுத்தவர் தயங்கினால் வாக்கியத்தை நானே முடித்துவிடுவேன். "கண்ணு பட்டுரும்னு பயப்படுறியாக்கும்?" என்றேன். அவர் முகத்தில் சட்டென்று ஒரு ஆசுவாசம் தெரிந்தது. "ஆமாண்ணே, கண்ணு பட்டுரும்" என்றார். "போட்டிக்குப் போறப்பப் பூசணிக்கா சுத்தி ஒடச்சுருவோம், போ" என்று சிரித்து அனுப்பினேன். படிவத்தைக் கோப்பில் வைத்துத் துளைபோட்டுக் கட்டினேன். நானே எடுத்துக் கொடுத்த காரணத்தை அவருடைய காரணம் என்று நம்பிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பிள்ளை எட்டாம் வகுப்பு. ஒல்லியான உடம்பு, நீளமான கால். ரெய்டு போனாள் என்றால் எதிரணி கோட்டை ஒட்டி ஒட்டி நிற்கும். மைதானத்தில் என் செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி எல்லா ஆட்டத்தையும் பிடித்துவிடுவேன். அவள் மட்டும் ஆட்டம் முடிந்ததும் செல்போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தண்ணீர் குடிப்பாள். வெட்கம் என்று நினைத்தேன். "ஏய், இங்கிட்டுத் திரும்புடி, திரும்புனா என்ன கொறஞ்சா போயிருவ?" என்று கேலி செய்திருக்கிறேன். டீச்சர் ஒரு தடவை, "அந்தப் பிள்ளைய விட்டுருங்க சார், அவுக அம்மா வேணாம்னு எழுதிக் குடுத்துருக்காக" என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். ஆனால் ஆட்டத்தைப் பிடிக்கும்போது ஒருத்தியை மட்டும் எப்படி விடுவது? பிடித்தவை எல்லாம் என் செல்லில்தானே கிடக்கிறது, யாருக்கு என்ன என்று இருந்துவிட்டேன்.

தேனியில் நடந்த போட்டியில் எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். கடைசி ரெய்டில் அந்தப் பிள்ளை மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டில் வந்து விழுந்தாள். எழுந்தபோது முகமெல்லாம் மண், வாயெல்லாம் சிரிப்பு. அந்த ஒரு நொடி என் செல்போனுக்கு நேராகத் திரும்பிவிட்டாள். ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ண உட்கார்ந்தபோது பதினொரு முகம் வைத்துப் பார்த்தேன். ஜெயித்துக் கொடுத்தவள் இல்லாமல் ஃப்ளெக்ஸா? பார்க்கிறவன் என்ன கேட்பான்? அவள் மனசு என்ன பாடுபடும்? அந்த அம்மாவும் நேரில் பார்த்தால் பூரித்துத்தான் போவார், கண் பட்டால் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கட்டித் தொங்கவிடலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தச் சிரிப்பை வெட்டி எடுத்து வைத்தேன். கீழே பெயர், ஊர், பயிற்சி நடக்கிற மைதானத்தின் பெயர். சாஃப்ட் காப்பியை எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். கடைசி ரெய்டு வீடியோவைக் குழுவின் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். டீச்சர் அப்போது ஒரு விசேஷத்துக்காக வெளியூர் போயிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை.

ஃப்ளெக்ஸ் கட்டிய அன்று மாலை அந்தப் பிள்ளை கடைக்கு வந்தாள். ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. சந்தோஷத்தைச் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து மிட்டாய் டப்பாவை நீட்டினேன். அவள் எடுக்கவில்லை.

"மாமா, அது எந்தூரு வரைக்கும் தெரியும்?"

"எதுத்தா, ஃப்ளெக்ஸா? ஃப்ளெக்ஸு பஸ் ஸ்டாண்டு வரைக்குந்தேன். வாட்ஸ்அப்புல போட்டுருக்கேன்ல, அது ஒலகம் பூரா தெரியும்."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க மாமா. கபடிக்கு அனுப்ப மாட்டாக" என்றாள். அம்மா வேலைக்குப் போய்வருகிற ஜீப் பேருந்து நிலையத்துப் பக்கம் வராது, அது அவளுக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை என் கண் முன்னால் பயத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே நின்று ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். நான் அதைச் செல்லம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், உலகம் பூரா என்ற வார்த்தையைச் சொன்ன என் வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நான்காம் நாள் என் செல்லுக்கு ஒரு அழைப்பு. ஃப்ளெக்ஸின் மூலையில் இருக்கிற நம்பரைப் பார்த்துக் கூப்பிடுவதாகச் சொன்னார். மிக மரியாதையான குரல். "நான் அந்தப் பொண்ணோட அப்பா பேசுறேன் சார். வெளியூர்ல வேலை. மகளப் பத்தி இவ்வளவு பெருமையாப் போட்டிருக்கீங்க, பாத்ததும் கண்ணு கலங்கிட்டு. நேர்ல வந்து நன்றி சொல்லணும். பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?" எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஃப்ளெக்ஸைப் பார்த்து ஒரு தகப்பன் கண் கலங்கியிருக்கிறான். நேரத்தைச் சொன்னேன், மைதானத்தைச் சொன்னேன். அவர் கேட்காமலே வீடு எந்தத் தெரு, அம்மா ஜீப்பிலிருந்து இறங்க ஆறு மணி ஆகும் என்பதையும் சொன்னேன். வாக்கியத்தை முடித்துவைக்கிற அந்தப் பாழாய்ப்போன பழக்கம்.

மறுநாள் நாலரை மணிக்கு அவர் கடைக்கு வந்தார். தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் இனிப்புப் பெட்டி. டீ வாங்கிக் கொடுத்தேன். என் பைக்கில் பின்னால் உட்கார வைத்து மைதானத்துக்கு நானே கூட்டிப் போனேன். நானேதான் கூட்டிப் போனேன். மைதானத்துக்கு வெளியே நின்று, ஏதோ பரிசு கொடுக்கப் போகிறவன் தோரணையில், "ஆத்தா, யாரு வந்திருக்காகன்னு பாரு, ஒங்கப்பா வந்திருக்காக" என்று சத்தம் போட்டேன்.

அவள் ரெய்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கபடி கபடி என்ற பாட்டு நடுவில் நின்றுபோனது. அவள் ஓடவில்லை, அழவில்லை. கை கால் அசையாமல் அப்படியே நின்றாள். எதிரணிப் பிள்ளைகள் அவளைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். அவளுடைய கால்சட்டை நனைந்து மண்ணில் ஈரம் பரவியதை நான் பார்த்தேன். அந்த ஒரு காட்சியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? அதற்குள் அவர் கோட்டைத் தாண்டிப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

டீச்சர் ஓடி வந்து குறுக்கே நின்றார். "அவுக அம்மா வராம பிள்ளைய யாரு கையிலயும் விட மாட்டேன்" என்றார். வந்தவர் சிரித்தார், சார்தான் கூட்டி வந்தார் என்று என்னைக் காட்டினார். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பிள்ளையின் மணிக்கட்டை விடாமல் டீச்சரை அவர் பிடித்துத் தள்ள, டீச்சர் விழுந்தும் பிள்ளையின் இடுப்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். ஐம்பது பிள்ளைகளும் வளைத்துக்கொண்டு கத்தினார்கள். ரோட்டோரத்து டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தபிறகுதான் வந்தவர் பிள்ளையின் கையை விட்டார். போகிறபோது சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "வீடு எங்கன்னு இப்பத் தெரியும்ல" என்று நிதானமாகச் சொன்னார். நான் கொடுத்த விவரம்தான் அது. மரத்துப்போய் நின்றேன். ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

ஆறு மணிக்கு ஜீப் வந்தது. பிள்ளையின் அம்மா இறங்குகிற இடத்துக்கு டீச்சரும் நானும் போனோம். டீச்சர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை. அந்த அம்மா கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன், அப்படிச் செய்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கேட்டது ஒன்றுதான்.

"வீட்டையும் காட்டிக் குடுத்துட்டீகளாண்ணே?"

மகளிர் காவல் நிலையத்தில்தான் மற்றதெல்லாம் தெரிந்தது. அந்த அம்மாவுக்குத் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சுட்ட தழும்பு. அதை மறைக்கத்தான் அந்த முழுக்கைச் சட்டை. குளிருக்குப் போடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அடுத்தது பிள்ளைக்குத்தான் என்று அந்த ஆள் சொன்ன மறுநாள் கிளம்பியவர்கள். இரண்டு ஊர் மாறி, மூன்றாவதாகக் கம்பத்துக்கு வந்திருக்கிறார்கள். மலைக்கு மேலே வேலை, கீழே தெரியாத ஊர், யாரும் தேடி வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. கபடியில் சேர்த்துவிடுவதற்கே அவர் ஒரு வாரம் யோசித்தாராம். அந்தப் படிவத்தில் இரண்டாவது கட்டம் இருந்ததைப் பார்த்தபிறகுதான் சரி என்றாராம். நான் தாள் வீண் என்று சொன்ன கட்டத்தை நம்பி ஒரு தாய் தன் மகளை எங்களிடம் அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் மதியம் அவர்கள் போய்விட்டார்கள். எங்கே என்று டீச்சருக்கு மட்டும் தெரியும், நான் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸை பிளேடு வைத்து அறுத்து இறக்கினேன். அது பத்து நிமிட வேலை. வாட்ஸ்அப்பில் போனதை இறக்கப் பிளேடு இல்லை. ஒவ்வொரு குழுவிலும் தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். ஏன், என்ன விஷயம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். அதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். அல்லிநகரத்திலிருந்து ஒரு சொந்தக்காரர், நல்லாத்தானே இருக்கு, ஏன் அழிக்கச் சொல்றீங்க என்று கேட்டு எனக்கே அதைத் திருப்பி அனுப்பினார். அந்தச் சிரித்த முகம் மறுபடியும் என் செல்லில் வந்து நின்றது. பிள்ளை தன் வாழ்க்கையில் மறந்து சிரித்த ஒரு நொடி அது. அதை எடுத்து அவளுக்கு எதிராகவே திருப்பியது நான்.

செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். டீச்சர் திட்டியே தொடர வைக்கப் பார்த்தார், எனக்குத் தெம்பில்லை. இப்போது குழுவில் ஆட்டத்தை யாரும் செல்லில் பிடிப்பதில்லை. டீச்சர் ஒரு கேமரா வைத்திருக்கிறார், யார் யாரை எடுக்கலாம் என்ற பட்டியல் அவர் விசிலோடு தொங்குகிறது. ஃப்ளெக்ஸில் பிள்ளைகள் முகம் வேண்டும் என்று யாராவது வந்தால் பெற்றவர்கள் கையெழுத்து கேட்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கடையில் கேட்காமல் போட்டுக் கொடுக்கிறார்கள், அங்கே போகிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், கடையில் ஒரு காதுகுத்து வேலையில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, நாந்தான்ணே. பாப்பாவோட அம்மா."

எழுந்து நின்றுவிட்டேன். டீச்சரிடம் என் நம்பரை வாங்கினாராம். நல்லா இருக்கோம் என்றார். பாப்பா வளர்ந்துவிட்டாள், மறுபடியும் கபடிக்குப் போகிறாள் என்றார். "இங்கன ஒரு டீம்ல கேட்டுச் சேத்தேன்ணே. அடையாள அட்டைக்குப் படம் வேணும்னு மாஸ்டர் கேக்குறாக. குடுக்கலாமா? ஒங்களுக்குத்தான இதெல்லாம் தெரியும்."

என்னிடம் கேட்கிறார். என்னைத் தவிர யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லிவிட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். பிறகு தெரிந்ததைச் சொன்னேன். அட்டைக்கு மட்டும் கொடுங்கள், குழுப் படம், வீடியோ, ஃப்ளெக்ஸ் எதிலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், அதில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நெஞ்சில் இத்தனை நாள் கிடந்தது வாய் தவறி வந்துவிட்டது.

"இந்தத் தடவ காரணத்தையும் சேத்துச் சொல்லிரும்மா. எங்கிட்டச் சொல்லாம விட்ட மாதிரி விட்டுறாத. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எதுக்கு வைக்கப் போறேன்?"

கோபப்படுவாரோ என்று பயந்தேன். ஆனால் பேசியபோது குரலில் கோபம் இல்லை, எனக்கு ஞாபகப்படுத்துகிற குரல்தான்.

"சொன்னேனேண்ணே. படம் வேணாம்னு சொன்னேனே."

"ஆமாம்மா, சொன்ன" என்றேன். அட்டைக்குப் படம் எந்த அளவில் வேண்டும் என்று கேட்டார். பாஸ்போர்ட் அளவு போதும் என்று சொன்னேன்.